ட்ரோம்சோவில் கேமராவோடு நான்கு நாள்: எந்த நேரத்தில் எங்கே நிற்பது?

கேள்வி: ஜனவரி கடைசியில் மனைவி, ஆறு வயது மகனோடு நான்கு நாள் நார்வேயின் ட்ரோம்சோவுக்குப் போகிறோம். கையில் 18–55 கிட் லென்ஸ் போட்ட பழைய டிஎஸ்எல்ஆர், ஒரு 50 எம்எம் எஃப்1.8, ஒரு ஃபோன். இதை வைத்து ஊரின் முக்கிய இடங்களை நல்லபடியாக எடுக்க முடியுமா? அங்கே பகலே இருக்காது என்கிறார்களே? நார்தர்ன் லைட்ஸ் (அரோரா என்கிற துருவ ஒளி) தெரியாமல் போனால் என்ன எடுப்பது?

தாராளமாக எடுக்கலாம். புது லென்ஸ் எதுவும் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் காற்றுக்கு ஆடாத ஒரு ட்ரைபாடும், மூன்று பேருக்கும் மெரினோ கம்பளி உள்ளாடையும் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர் ஊர்களில் நல்ல படம் தவறிப்போவதற்குக் கேமரா காரணமாக இருப்பது அபூர்வம். விரல் விறைத்துப்போய், பையன் அழ ஆரம்பித்து, "போதும், ரூமுக்குப் போகலாம்" என்று கிளம்பிய பிறகுதான் வானம் சிவக்கும்.

பகல் இருக்காது என்பது டிசம்பருக்குப் பொருந்தும். ட்ரோம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 350 கி.மீ. தள்ளி இருக்கிறது. நவம்பர் 27 வாக்கில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தொடுவானத்தை எட்டும். தெற்கே மலைகள் மறிப்பதால், ஊருக்குள் ஜனவரி 21-ஐத்தான் சூரியன் திரும்பும் நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று ஜாம் வைத்துப் பொரித்த ‘சூரிய பன்’ சாப்பிடுவது வழக்கம். நீங்கள் போவது அதற்குப் பிறகு என்பதால் சூரியனைப் பார்த்துவிடுவீர்கள், மேகம் விட்டால்.

ஜனவரி 31 வாக்கில் சூரியன் காலை ஒன்பதரைக்குத் தென்தென்கிழக்கில் எழுந்து, இரண்டரைக்குச் சற்று முன்பு தென்தென்மேற்கில் இறங்கிவிடும். நட்டநடுப் பகலிலும் அதன் உயரம் 3 டிகிரிதான். கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு விரல் அகலம். ஒரு வாரம் முன்னால் போனீர்களானால் இந்தப் பகலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடும், அவ்வளவு வேகமாக நாள் நீளும் காலம் அது. இதைக் கேட்டு ஏமாற வேண்டாம். சென்னையில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குவதால், மறைந்து இருபது நிமிஷம் சொச்சத்தில் இருட்டிவிடும். ட்ரோம்சோவில் அது தொடுவானத்தை உரசிக்கொண்டு சாய்வாக இறங்குவதால், அந்த மங்கல் வெளிச்சம் காலையிலும் மாலையிலும் ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் தங்கும். ஆக, காலை எட்டு மணி தாண்டியதிலிருந்து பிற்பகல் நான்கு மணிக்குச் சற்று முன்புவரை படம் எடுக்க வெளிச்சம் உண்டு. நம் ஊரில் அலாரம் வைத்து எழுந்து துரத்தும் வெளிச்சம் அங்கே பகல் முழுக்கச் சும்மா கிடக்கிறது.

இதைத்தான் பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் வீணாக்குகிறார்கள். ராத்திரி முழுக்க நார்தர்ன் லைட்ஸ் தேடி வேனில் அலைந்துவிட்டு, காலை பதினொன்று வரை தூங்கி, பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டிலும் ஷாப்பிங்கிலும் கழித்து, வெளியே வரும்போது சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். நான்கு நாளில் ஏதாவது ஒரு ராத்திரியை மட்டும் அரோராவுக்குக் கொடுத்துவிட்டு, மற்ற நாட்களில் காலை ஒன்பதரைக்கு வயிறார உண்டு கிளம்புங்கள். மதியச் சாப்பாடு பையில் இருக்கட்டும். நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து சாப்பிட நேரம் நிறைய இருக்கும்.

இனி, எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்பது. ஊரின் மையம் ஒரு தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. எதிரே குறுகலான கடல். அதற்கு அப்பால் நிலப்பரப்பில் ட்ரோம்ஸ்டாலன் பகுதி, ஆர்க்டிக் கதீட்ரல், கேபிள் கார். இரண்டையும் இணைப்பது 1960-இல் திறந்த, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ள பாலம். சூரியன் எப்போதும் தெற்கிலேயே இருப்பதால் திசைக் கணக்கு சுலபம். துறைமுகக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் பாலம், கிழக்கே பார்த்தால் கதீட்ரலும் மலையும், மலை உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் முழு ஊரும்.

துறைமுகக் கரையிலிருந்து ஆரம்பியுங்கள். சூரியன் எழுவதற்கு முன், இறங்கியதற்குப் பின், அதற்கு நேர் எதிர்த் திசையைப் பாருங்கள். வானத்தின் அடியில் சாம்பல் நீலப் பட்டை, அதன் மேல் ரோஜா நிறப் பட்டை. கீழே தெரியும் நீலம் பூமியின் நிழல். நம் ஊரில் இது சில நிமிஷங்களில் கலைந்துவிடும், கட்டடங்களும் தூசியும் மறைத்துவிடும். அங்கே அது பாலத்துக்குப் பின்னால் நெடுநேரம் நிற்கும். எல்லோரும் சூரியன் இருக்கும் தெற்கைப் பார்த்துக் கேமராவைத் தூக்கும்போது நீங்கள் வடக்கே திரும்புங்கள். 50 எம்எம் போதும். பாலத்தின் வளைவு படத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஓடட்டும், தண்ணீர் கால் பங்குக்கு மேல் வேண்டாம்.

பிற்பகல் ஒரு மணி வாக்கில் அதே கரையில் கிழக்கே திரும்புங்கள். இப்போது சூரியன் உங்கள் வலத் தோளுக்குப் பின்னால். எதிர்க்கரையில் வெள்ளை முக்கோணமாகக் கதீட்ரல். அதற்கு வலப் பக்கம் தள்ளி ட்ரோம்ஸ்டால்ஸ்டின்டென் மலை, 1,238 மீட்டர். அதன் மேற்கு முகம் முதலில் மஞ்சள், பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் ஊதா என்று மாறும். இந்த ஊரின் சிறந்த காட்சி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு டிக்கெட் இல்லை, வரிசை இல்லை. இரண்டு மணிக்கு மேல் பெர்கனிலிருந்து வடக்கே போகும் கடலோரப் பயணக் கப்பல் வந்து சேரும். 1893-லிருந்து ஓடும் தடம் அது. கப்பல் வரும் நேரமும் சூரியன் இறங்கும் நேரமும் அந்த வாரத்தில் ஏறக்குறைய ஒன்றாக அமையும் என்பதால், அன்றைய நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கரையில் இடம் பிடியுங்கள். தெற்கிலிருந்து கப்பல் நெருங்கும்போது ஷட்டர் 1/250-க்குக் குறையாமல் இருக்கட்டும்.

ஆர்க்டிக் கதீட்ரல் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் ஒரே படத்தை எடுத்துவிட்டு வரும் இடம் அது. பெயர்தான் கதீட்ரல், உண்மையில் ட்ரோம்ஸ்டாலனின் வட்டாரத் தேவாலயம். யான் இங்கே ஹோவிக் வடிவமைத்து 1965-இல் திறந்தது. அலுமினியத் தகடு போர்த்த கான்கிரீட் பலகைகள் இருபுறமும் சாய்ந்து அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் ஒரு கண்ணாடிப் பட்டை. இந்தப் பட்டைகள்தான் உங்கள் படத்தின் உயிர். வெளிச்சமான நேரத்தில் அவை கண்ணுக்கே படாது, கட்டடம் ஒரு தட்டையான வெள்ளைக் கூடாரமாக இருக்கும். இருட்டியபின் எடுத்தால் வானம் கருப்பாகி, கூரையின் வெளிக்கோடு கரைந்துவிடும். உள்விளக்கின் மஞ்சளும் வானத்தின் நீலமும் சம பலத்தில் இருக்கும் இருபது முப்பது நிமிஷம் ஒன்று உண்டு. ஜனவரி இறுதியில் அது பிற்பகல் மூன்றே கால் சுமாரில் தொடங்கும். ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப்8, ஷட்டர் ஒன்று முதல் நான்கு விநாடி, இரண்டு விநாடி டைமர்.

நிற்கும் இடம்: பாலம் முடியும் கிழக்கு முனைதான் முகப்புக்கு நேர். அங்கே சாலை குறுக்கே போகும், வாகன விளக்குகள் படத்தின் அடியில் கோடு போடும். எனக்கு அது பிடிக்கும். பிடிக்காவிட்டால் தேவாலய வளாகத்துக்குள் வந்து, முகப்பின் நடுக்கோட்டில் சரியாக நின்று, 18 எம்எம்-இல் கேமராவைச் சாய்க்காமல் எடுங்கள். கேமராவை மேலே தூக்கினால் முக்கோணம் பின்னால் விழுவதுபோல் ஆகிவிடும். பதிலாகப் பின்னால் தள்ளி நின்று, அடியில் பனியை நிறைய விட்டு, அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். பையனைப் படத்தில் சேர்க்க நினைத்தால் கதவருகே சின்னதாக நிற்க வையுங்கள். கட்டடத்தின் உயரம் அப்போதுதான் புரியும். உள்ளே கட்டணம் கட்டிப் போனால் கிழக்குச் சுவர் முழுக்க விக்டர் ஸ்பாரே செய்த வண்ணக் கண்ணாடி, 1972-இல் வைத்தது. அதற்குப் பகல் வெளிச்சம் இருக்கும் நேரம்தான் சரி. சாயங்காலம் போனால் கண்ணாடிக்குப் பின்னால் வெளிச்சம் இருக்காது.

பாலத்தின் மேல் நடந்து போவது நல்ல அனுபவம், ஆனால் அங்கே ட்ரைபாட் வைத்து நீண்ட எக்ஸ்போஷர் கொடுப்பது வீண் வேலை. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தரை அதிரும். ஐஎஸ்ஓவை 800, 1600-க்கு ஏற்றிவிட்டுக் கையிலேயே எடுங்கள். உங்கள் எஃப்1.8 லென்ஸ் தன் விலையைத் திருப்பித் தரும் இடம் இது. கம்பித் தடுப்பின் இடைவெளியில் ஃபோன் லென்ஸ் அழகாக நுழையும். ஃபோனுக்குக் கைப்பட்டை போட்டுக்கொள்ளுங்கள், கீழே 38 மீட்டர் கடல்.

கேபிள் காருக்கு ஒரு தெளிவான நாளை ஒதுக்கி, அன்று வேறெதையும் வைக்காதீர்கள். 1961 முதல் இயங்குகிறது. மேல் நிலையம் ஸ்டோர்ஸ்டைனனில், 421 மீட்டர் உயரத்தில். பயணம் நாலு நிமிஷம்தான், ஆனால் வரிசை நீளம். ஒரு மணிக்கே மேலே போய்விடுங்கள். பெட்டிக்குள்ளிருந்து எடுக்கும் படங்களில் கண்ணாடிக் கீறலும் யாரோ ஒருவரின் ஜாக்கெட் பிரதிபலிப்பும்தான் விழும், அதற்கு முட்டி மோத வேண்டாம். மேலே போனதும் எல்லோரும் கூடும் மேடையில் இரண்டு படம் எடுத்துவிட்டு, மிதித்துப் பதிந்த தடத்தை விட்டு விலகாமல் கொஞ்சம் தள்ளிப் போங்கள். விளிம்பில் காற்று சேர்த்த பனிக்கு அடியில் பாறை இருக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. தீவு முழுவதும், பாலம், அப்பால் பக்கத்துத் தீவான க்வாலோயாவின் மலைகள் என எல்லாம் ஒரே சட்டத்தில் 18 எம்எம்-இல் அடங்கும். ஆனால் 55-இல் எடுக்கும் படம்தான் எனக்கு உசத்தி: பாலமும் அதன் இரு முனையிலும் உள்ள விளக்குகளும் மட்டும். முதல் விளக்கு எரிந்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே இருங்கள். நடுவில் பையனுக்குச் சாக்லேட் பானம் வாங்கிக் கொடுக்க மேல் நிலையத்திலேயே உணவகம் இருக்கிறது. காற்று பலமாக வீசினால் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் தெளிவான நாளிலேயே போய்விடுவது புத்திசாலித்தனம். நேபாள ஷெர்பாக்கள் கட்டிய கல்படிக்கட்டு ஒன்று அதே மலையில் ஏறுகிறது, 1,200 படிகளுக்கு மேல். அது கோடைக்கானது. பனிக்காலத்தில் அந்த எண்ணமே வேண்டாம்.

ஊருக்குள் இருப்பவை சின்னச் சின்னவை. 1861-இன் மரக் கதீட்ரல் (நார்வேயின் ஒரே மரக் கதீட்ரல் இதுதான்) மரங்களுக்கு நடுவே நிற்பதால் முழுசாக எடுக்கக் கஷ்டம். கோபுரத்தை மட்டும் எடுங்கள், அல்லது கடைத்தெருவான ஸ்டூர்காத்தாவின் முடிவில் தெரியும்படி எடுங்கள். துறைமுகத்தருகே 1830-களின் சிவப்பு மரக் கிடங்கு, பனி விழும்போது அந்தச் சிவப்பு பேசும். துருவப் பயணி அமுண்ட்சென் சிலை ஒன்று கடலைப் பார்த்து நிற்கிறது. 1928 ஜூனில், விபத்துக்குள்ளான இத்தாலிய ஆகாயக் கப்பல் குழுவைத் தேடி இந்த ஊரிலிருந்துதான் விமானத்தில் கிளம்பினார், திரும்பவில்லை. நகர நூலகம் பழைய சினிமா அரங்கின் வளைகூரைக்கு அடியில், முழுக்கக் கண்ணாடிச் சுவரோடு இருக்கிறது. சாயங்காலம் வெளியே நின்று எடுத்தால் புத்தக அடுக்குகளும் மனிதர்களும் ஒளிப்பெட்டிக்குள் தெரிவார்கள். சாய்ந்து விழும் பனிப்பாளங்கள் மாதிரி கட்டிய போலாரியா என்ற கடல்வாழ் உயிரினக் காட்சியகம், படத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும். பையனுக்கு உள்ளே இருக்கும் சீல்கள் பிடிக்கும், அவ்வளவுதான்.

நார்தர்ன் லைட்ஸுக்கு வருகிறேன். ட்ரோம்சோ அரோரா வளையத்துக்கு நேர் கீழே இருப்பதால், ஃபோன் செயலிகள் காட்டும் கேபி எண் (அரோராவின் தீவிரத்தை ஊகிக்க உதவும் அளவு) குறைவாக இருந்தாலும் தெரியும். தடை மேகம் மட்டுமே. வாகனத்தில் கூட்டிப்போகும் வழிகாட்டிகள் கடற்கரை மேகத்தைத் தாண்டிப் பின்லாந்து எல்லைப் பக்கம் ஓட்டுவது அதனால்தான். காசு கொடுப்பது அந்த ஓட்டத்துக்கு. வானம் தெளிவாக இருக்கும் ராத்திரியில் தீவின் தென்முனையில் உள்ள டெலிகிராஃப்புக்தா கடற்கரைக்கோ, தீவின் மேட்டில் உறைந்து கிடக்கும் பிரெஸ்ட்வானெட் ஏரிக்கோ நீங்களே போகலாம். கிட் லென்ஸை 18-இல் வைத்து, எஃப்3.5, ஐஎஸ்ஓ 3200, 6 விநாடியில் தொடங்குங்கள். அரோரா வேகமாக ஆடினால் 2, 3 விநாடிக்குக் குறையுங்கள், இல்லாவிட்டால் திரைபோல் மடியும் வடிவம் பச்சைக் குழம்பாகிவிடும். ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, திரையில் ஒரு நட்சத்திரத்தையோ தொலைதூர விளக்கையோ பெரிதாக்கிக் கூர்மையாக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். குடும்பத்தை நிறுத்தி எடுக்கும்போது டார்ச்சை முகத்தில் அடிக்காமல் அவர்கள் முன்னால் இருக்கும் பனித்தரையில் அரை விநாடி அடித்து அணையுங்கள். தரையிலிருந்து ஏறும் வெளிச்சம் மென்மையாக இருக்கும். இன்னொன்று: மெல்லிய அரோரா கண்ணுக்குச் சாம்பல் மேகம் போலத்தான் தெரியும், கேமராவில்தான் பச்சை. இணையத்தில் பார்த்த நிறத்தை எதிர்பார்த்து நின்று, எதிரே இருப்பதைத் தவறவிடுபவர்கள் நிறைய.

கேமரா அமைப்பில் இரண்டே விஷயம் முக்கியம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விடாதீர்கள். அது அந்த நீலத்தைத் தப்பு என்று நினைத்துத் திருத்தி, ஊரையே மேகமூட்டமான மதியமாக மாற்றிவிடும். டேலைட்டில் வைத்து, முடிந்தால் ரா ஃபைலில் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைக்கும் கோப்பு) எடுங்கள். அடுத்தது, வெள்ளைப் பனி சட்டத்தில் நிறைய இருந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள். வானத்தில் நிறம் இருக்கும்போது மட்டும் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) பார்த்துக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

குளிர் பயப்படும் அளவுக்கு இருக்காது. வெதுவெதுப்பான கடல் நீரோட்டத்தால் துறைமுகம் உறைவதே இல்லை, ஜனவரி சராசரி பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரிதான். தொல்லை தருவது காற்றும் வழுக்கலும். காலணியில் மாட்டும் முள் பட்டையை ஊருக்குப் போன அன்றே வாங்குங்கள். கேமரா பையோடு பளிங்குப் பனியில் விழுந்தால் பயணமே போயிற்று. ஸ்பேர் பேட்டரி உள் பாக்கெட்டில், உடம்புச் சூட்டில் இருக்கட்டும். வெளியிலிருந்து ரூமுக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். நேராக உள்ளே கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடும், உள்ளே போன ஈரம் மறுநாள் உறையும். மெமரி கார்டை வெளியிலேயே கழற்றிக்கொண்டால் அந்த ஒரு மணி நேரமும் படம் பார்க்கலாம். பையனை நடக்கவிட்டால் பாதி வெளிச்சம் போய்விடும். உள்ளூர்க்காரர்கள் செய்வதுபோல் ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டில் உட்கார வைத்துக் கயிறு கட்டி இழுங்கள். அவனுக்கும் கொண்டாட்டம், படத்துக்கும் நல்லது.

நான்கு நாளும் மேகமாகவே இருக்க வாய்ப்பு உண்டு, கடலோர ஊரில் அது சாதாரணம். அப்போது மலை, அரோரா இரண்டையும் மறந்துவிட்டு ஸ்டூர்காத்தாவுக்கு வந்துவிடுங்கள். பழைய மர வீடுகளின் ஜன்னல் விளக்கு, பனி விழும் தெரு, குடை பிடிக்காமல் போகும் மக்கள். 50 எம்எம், எஃப்2, ஷட்டர் 1/60 வைத்தால் பனி கோடாக விழும். 1/500 வைத்தால் துகளாக நிற்கும். ஃப்ளாஷை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பக்கத்தில் உள்ள துகள்கள் பெரிய வெள்ளை வட்டங்களாக மிதக்கும். தெரிந்தே செய்தால் அதுவும் அழகுதான். தெருவில் ஒருவரை மட்டும் குறிவைத்து எடுத்து இணையத்தில் போடுவதாக இருந்தால் அனுமதி கேளுங்கள், நார்வே சட்டம் அப்படி. கேட்டால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டு சரி என்பார்கள்.

இதைப் படித்துவிட்டுக் கோடையில் போக நினைப்பவர்களுக்கு ஒரு வரி: மே 20 முதல் ஜூலை 22 வரை சூரியன் மறையாது, இரவு பத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து வரும் பொன் வெளிச்சம் ஆர்க்டிக் கதீட்ரலின் முகப்பில் விழும். பகலில் தூங்கிவிட்டு ராத்திரியில் எடுங்கள்.

ட்ரோன் எடுத்துப்போகலாமா என்று அடுத்து கேட்பீர்கள். விமான நிலையம் அதே தீவில்தான் இருக்கிறது. நார்வேயில் விமான நிலையத்திலிருந்து 5 கி.மீ. தூரத்துக்குள் அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது, ஊர் மையம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். பையில் அந்த இடத்தில் இன்னொரு ஜோடி கையுறை வையுங்கள்.